மூன்று நிமிட இரைச்சல்

சனிக்கிழமை இரவு, ஒன்பதே கால்.
சுபோத்திட்சாவில் எங்கள் நான்காம் மாடியில்
யாரும் குழாயைத் திறக்கக் கூடாது.
குளிர்பெட்டியின் செருகியைப் பிடுங்கியாகிவிட்டது.
மேல்வீட்டுப் பிரோஷ்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன்:
ஐந்து நிமிடம் தையல் மோட்டாரை ஓட்டாதீர்கள்,
வானொலியில் விளையாட்டு வருகிறது.
"கால்பந்தா?" என்றாள்.
இல்லை என்றேன். அதற்குமேல் விளக்கத் தெரியவில்லை.

அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு
"பதிவுக் கருவிகள் தயாரா?" என்பார்.
மூன்று வரை எண்ணுவார்.
பிறகு அது வரும்,
தகரத்தை உப்புத்தாளில் தேய்ப்பது போல,
ஒரு டப்பா நிறையச் சில்வண்டுகளை
யாரோ விடாமல் குலுக்குவது போல.
நாடு முழுக்கச் சமையலறைகளில்
பொடிசுகள் நாடாவை ஓடவிட்டு,
அதற்குள் கோட்டையும் சாவியும் இருப்பதாக
நம்பிக்கொண்டிருந்தோம்.

கணினி, அண்ணன் ஓக்னியன் பற்றவைத்தது.
பத்திரிகையில் வந்த வரைபடம். ஈயம் சொட்டி
மேசை விரிப்பில் நான்கு ஓட்டை.
நல்ல கணினிகள் எல்லைக்கு அப்பால் இருந்தன,
சுங்க அதிகாரியின் முகத்துக்கு அப்பால்.
எங்களுடையதற்கு உறைகூடக் கிடையாது;
பிஸ்கட் டப்பாவில் படுத்திருந்தது.

இணைப்புக் கம்பி வாங்கக் காசில்லை.
வானொலியின் வாய்க்கு நேரே
ஒலிவாங்கியைப் பிடித்திருப்பது என் வேலை.
கை மரத்தாலும் அசையக் கூடாது.

இரண்டாம் நிமிடம் முடிகிற நேரம்
அப்பா இருமினார்.
மாவு ஆலையில் ஷிப்ட் முடித்து வந்தவர்.
சட்டைக் கையை வாயில் திணித்து
கண் பிதுங்க அதுவரை தாக்குப்பிடித்திருந்தார்.
ஓக்னியன் அவரைப் பார்த்த பார்வையில்
இன்னும் கொஞ்சம் ஈயம் உருகியிருக்கும்.

'பிழை' என்றது திரை.
என்ன நினைத்ததோ, ஓடவும் செய்தது.
கோட்டை, ஏணி, சாவி,
கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் ஆன காவலாளிகள்.
மூன்றாம் அறைக் காவலாளி மட்டும் நகரவில்லை.
ஓங்கிய வாளோடு நின்றுகொண்டே இருந்தான்.
அவன் அக்குளுக்கு அடியில் புகுந்து போனோம்.
அன்று இரவு முழுக்க,
போனோம், வந்தோம், போனோம்.

ஓசியெக்கிலிருந்து ஸ்லாவென் எழுதினான்,
பத்திரிகையின் முகவரிப் பத்தியில் கிடைத்தவன்:
உங்கள் காவலாளி நிற்கிறானாமே?
எங்களுடையதில் ஏணியே இல்லை.
அன்றைக்கு இங்கே இடி.

நாடாக்களை அஞ்சலில் மாற்றிக்கொண்டோம்.
அவனுடைய இடி எங்கள் வீட்டில் விழுந்தது.
அப்பாவின் இருமல் ட்ராவா ஆற்றங்கரையில்
ஒரு பையனை மூன்றாம் அறை தாண்டி அனுப்பியது.
இதை அப்பாவிடம் சொன்னபோது
"அப்படியானால் மறுபடி இருமட்டுமா?" என்றார்.

தொண்ணூற்றொன்றில் அஞ்சல் நின்றது.
அதைப் பற்றி எழுத எனக்கு வராது.
கடைசியாக நான் அனுப்பிய உறை திரும்பி வந்தது,
முத்திரைமேல் முத்திரை.
உள்ளே நாடா உடையவில்லை.

இப்போது லின்ஸ் நகரில் மின்தூக்கிகளைச் சோதிக்கிறேன்.
உடன் வேலை செய்யும் பையன் மதிய இடைவேளையில் விளையாடுகிறான்.
அவன் கைப்பேசியில் மழை பெய்கிறது,
ஒவ்வொரு புல்லும் தனியாக நனைகிறது.
ஆறு கிலோபைட்டில் ஒரு கோட்டை இருந்தது என்றேன்.
அதில் கொஞ்சம் மாவுத்தூசியும் இருந்தது என்றேன்.
"லோடு ஆக எவ்வளவு நேரம்?" என்று கேட்டான்.
நியாயமான கேள்வி.

போன ஞாயிறு பழைய சந்தையில் ஒரு டேப்ரிக்கார்டர்,
பன்னிரண்டு யூரோ.
உறையைப் பிரித்து நாடாவைப் போட்டேன்.
ஏற்றுவதற்குக் கணினி இல்லை. சும்மா கேட்டேன்.
அதே தகரம், அதே உப்புத்தாள்.
இரண்டாம் நிமிடம் நெருங்க நெருங்க
நானும் மூச்சைப் பிடித்திருந்தேன்,
ஒலிவாங்கி இல்லாத கையை நீட்டி,
அசைக்காமல்.

அடுத்த அறையில் குளிர்பெட்டி உறுமத் தொடங்கியது.
எழுந்து போய்
அதன் செருகியைப் பிடுங்கிவிட்டு வந்து,
முதலிலிருந்து போட்டேன்.